மஞ்சள் விளக்கோடு மல்லுக்கட்டியவன்

காரில் செக் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், ஸ்டியரிங்கை ஒரு படி கீழே இறக்கியதுதான். வளையத்தின் மேல்பகுதி அந்த மஞ்சள் விளக்கைக் கச்சிதமாக மறைத்துக்கொண்டது. கூடவே பெட்ரோல் முள்ளும் பாதி மறைந்தது. முழங்காலில் இடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச காலம் ஓட்டினேன். முதுகுவலிக்கு இப்படி உட்காருவதுதான் நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். என் மனைவி ஒருநாள் வண்டியை எடுக்க வேண்டி வந்தது. அவள் ஸ்டியரிங்கைத் தன் வசதிக்கு மேலே தூக்கியவுடன் குட்டு உடைந்தது.

“இந்த மஞ்ச லைட்டு என்னங்க?”

“அதுவா? சும்மா எரியும்.”

வண்டி 2014 மாடல் சின்ன கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் கம்பெனி மேல் ஒரு குற்றமும் கிடையாது. எல்லாம் என் கைவேலை.

விளக்கு சும்மாதான் எரிகிறது என்பதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. வண்டி ஓடியது. சத்தம் இல்லை, புகை இல்லை, இழுவையில் குறை இல்லை. அந்தச் சமயம் புகைச் சான்றிதழ் முடிந்திருந்ததால் பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் கொண்டுபோய்க் காட்டினேன். சைலன்சருக்குள் குழாயைச் சொருகி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்த்து, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, ‘பாஸ்’ என்று காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டேஷ்போர்டில் என்ன எரிகிறது என்று எட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. நான் அந்தக் காகிதத்தை வெற்றிப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கலிபோர்னியாவாக இருந்திருந்தால் இந்தப் பாச்சா பலித்திருக்காது. அங்கே இந்த விளக்கு எரிந்தாலே புகைச் சோதனையில் பெயில். இந்த விளக்கைக் கட்டாயமாக்கியதே அங்கேதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்தோடு மாரடித்துக்கொண்டிருந்த கலிபோர்னியா காற்றுவள வாரியம், 1988 மாடல்களிலிருந்து, வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே கண்காணித்துப் பழுது வந்தால் விளக்கெரித்துக் காட்ட வேண்டும் என்று விதித்தது. அதுவே 1996இல் ஓபிடி-2 என்று அமெரிக்கா முழுவதற்கும் ஒரே மாதிரியாக ஆனது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். ஆகவே என் 2014 மாடலுக்கு இரண்டாவது கட்டத்துக் கெடுபிடி. விளக்கு எனக்கு உதவி செய்வதற்காக வைக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஊர்க்காற்றின் சார்பில் என் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சாட்சி.

இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். உட்கார்ந்து படித்திருந்தேன். என் வியாதியே அதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் படிப்பேன். குனிந்து பார்க்கச் சொன்னால் மட்டும் உடம்பு வளையாது.

மனைவி பார்த்துவிட்டதால் ஏதாவது செய்தாக வேண்டிய நிலைமை. பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மாட்டினேன். விளக்கு அணைந்துவிட்டது. “சரி பண்ணிட்டேன்” என்று குரல் கொடுத்தேன். அடுத்த நாள் ரேடியோவைப் போட்டால் அது நான்கு இலக்க ரகசிய எண் கேட்டது. அந்த எண் எழுதிய அட்டை முந்தைய ஓனரோடு போயிருந்தது. கிண்டி சிக்னலில் நின்றால் வண்டி உதறியது. பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் இத்தனை வருஷமாகக் கற்று வைத்திருந்த கணக்கையெல்லாம் இன்ஜினின் மூளையான இசியு மறந்துபோய், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்திருந்தது.

இதைவிடப் பெரிய நஷ்டம் பிறகுதான் புரிந்தது. பழுது பதிவாகும் கணத்தில் இன்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது, எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது என்றெல்லாம் இசியு ஒரு குறிப்பு எழுதிவைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். நல்ல மெக்கானிக் முதலில் கேட்பதே “எப்ப சார் லைட் வந்துச்சு, வண்டி சூடா இருந்துச்சா, கூலா இருந்துச்சா” என்றுதான். அதற்குப் பதில் அந்தக் குறிப்பில் இருந்தது. காபி குடிக்கும் நேரத்தில் அதைத் துடைத்துவிட்டேன்.

சில நாளில் விளக்கு திரும்ப வந்தது. இப்போது யூடியூபில் புகுந்தேன். அமெரிக்க மெக்கானிக்குகள் ஒருவர் விடாமல் ஒன்றையே சொன்னார்கள்: பெட்ரோல் டாங்க் மூடியை இறுக்கி மூடுங்கள், பாதி விளக்குகள் அணைந்துவிடும். நான் மூடியைத் திருகித் திருகி டிக் டிக் டிக்கென்று சத்தம் கேட்க மூடினேன். போதாதென்று அதன் ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அங்கே விற்கும் கார்களில் டாங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. அதனால் மூடி தளர்ந்தாலும் விளக்கு வரும். என் காரில் அந்த ஏற்பாடே கிடையாது. மூடியைக் கழற்றித் தூர எறிந்திருந்தாலும் என் இசியுவுக்குத் தெரிந்திருக்காது. பங்க் பையன்தான் பாவம், பெட்ரோல் போடும்போது வழுக்கும் மூடியைத் திறக்க முடியாமல் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

சரி, விஞ்ஞான ரீதியாகப் போகலாம் என்று ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, நீல நிறம், புளூடூத்தில் போனோடு பேசும். பெட்டியில் இஎல்எம் 327, வெர்ஷன் 1.5 என்று போட்டிருந்தது. இஎல்எம் 327 என்பது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடாக் கம்பெனி உண்டாக்கிய சிப். அதன் முதல் வெர்ஷனில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு வைக்காமல் விட்டதால் ஊர் உலகமெல்லாம் காப்பி அடித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி 1.4க்குப் பிறகு நேராக 2.0க்குப் போனது. 1.5 என்று ஒன்றை அது வெளியிட்டதே இல்லை. ஆகப் பிறக்காத குழந்தைக்கு நான் காசு கொடுத்திருந்தேன். ஆனாலும் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. இந்தக் கதையில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அதைச் சொருகும் பதினாறு பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒளிந்திருக்கும். கதவைத் திறந்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே விட்டு, கால்கள் வெளியே நீட்டியபடி மல்லாந்து தேடிக்கொண்டிருந்தேன். பார்க்கிங்கில் ரோந்து வந்த வாட்ச்மேன் ஓடிவந்தார். “சார், சார்! என்னாச்சு சார்? தண்ணி தெளிக்கவா?” நான் உள்ளேயிருந்தே, “ஓபிடி போர்ட் தேடறேன்” என்றேன். “வேணாம் சார், எழுந்திருங்க, அம்மாவைக் கூப்பிடறேன்” என்று அவர் இன்டர்காமை நோக்கிப் போய்விட்டார்.

ஸ்கேனரைச் சொருகி, சாவியைத் திருப்பி, போனில் 1234 என்று அடித்து இணைத்தேன். திரையில் பழுதுக் கோடு வந்தது: பி0135. முதல் வரிசை, முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் பழுது.

ஆக்சிஜன் சென்சார் என்பது சைலன்சர் குழாயில், ஸ்பார்க் பிளக் மாதிரியே திருகி வைத்திருக்கும் ஒரு சின்ன உருப்படி. வெளியேறும் புகையில் மிச்சம் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முகர்ந்து, 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் ஒரு சிக்னல் அனுப்பும். அதை வைத்து இசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். உள்ளே இருப்பது ஜிர்கோனியா. அது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வாய் திறக்கும். காலையில் வண்டி எடுக்கும்போது புகை சூடேறும் வரை காத்திருக்க முடியாது என்பதால் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும் கொஞ்ச தூரம் ஓடியதும் புகையின் சூட்டிலேயே சென்சார் விழித்துக்கொள்ளும். என் வண்டி ஏன் குறையொன்றும் இல்லாமல் ஓடியது என்பதற்கு இதுதான் காரணம். குளிர்ந்த நிலையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் அன்று ராத்திரியே படித்துத் தெளிந்தேன். இப்போது ஹீட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் மல்டிமீட்டரே இருந்தது. டிவி ரிமோட் பாட்டரியைச் சோதிக்க வாங்கியது. ஆனால் நான் படித்த கையோடு சட்டை போட்டுக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்ப் புது சென்சார் வாங்கிவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம். கடைக்காரர், “செக் பண்ணிட்டீங்களா சார்? எலெக்ட்ரிகல் ஐட்டம், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்று சொல்லத்தான் செய்தார். “ஸ்கேன் பண்ணியாச்சுங்க” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கெத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பழைய சென்சாரைக் கழற்றும் படலம். பத்து வருஷம் வெந்து, குழாயோடு குழாயாகப் பிடித்துப்போயிருக்கும் திருகு அது. இதற்கென்று 22 எம்எம் அளவில், ஒயர் நுழைய ஒரு பக்கம் பிளந்த சாக்கெட் கிடைக்கும். டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, குழாய் சூடாக இருக்கும்போது திருகினால் இளகிக் கொடுக்கும். நான் ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானரை மாட்டித் தொங்கினேன். ஸ்பானர் வழுக்கியது. திரும்ப மாட்டித் தொங்கினேன். திரும்ப வழுக்கியது. அறுகோணமாக இருந்த நட்டு கொஞ்சம் கொஞ்சமாக உருண்டையானது. கை முட்டியில் தோல் போனது. கடைசியில் ஒரு சைலன்சர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் கேஸ் டார்ச்சால் சுற்றிலும் சூடு காட்டி, பைப் ரெஞ்சைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினான். கழன்று வந்தது. புதுசை மாட்டிக்கொண்டு, ஆப்பில் கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது.

இங்கேதான் அந்த விளக்கின் குணம் எனக்குக் குழி பறித்தது. பல பழுதுகளை இசியு ஒருமுறை கண்டவுடன் விளக்கு போட்டுவிடாது. முதல்முறை சந்தேகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு. என் காரில் அப்படித்தான். நடுவில் கிடைத்த அந்த இடைவெளி, நான் பெருமை அடித்துக்கொள்ளத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன். வாட்ச்மேனிடம் சொன்னேன். மேல் வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரை லிஃப்டில் பிடித்து ஒரு பிரசங்கமே செய்தேன். “மஞ்சள் விளக்கு நிலையா எரிஞ்சா பதற வேண்டாம் சார், பார்த்துக்கலாம். சிமிட்டுச்சுன்னா உடனே வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டிடணும். மிஸ்ஃபயர்! எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். உள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசின தேன்கூடு, அது உருகிடும்.” தகவலில் பிழை இல்லை. அவர் ஸ்கூட்டர்தான் வைத்திருக்கிறார் என்பது மூன்றாவது மாடி வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் விளக்கு எரிந்தது. பி0135.

அப்போதாவது மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். போகவில்லை. சைதாப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் பாய், எனக்கு வருஷக்கணக்காகப் பழக்கம். நாலாயிரம் ரூபாய் சென்சாரை நானே மாட்டினேன், விளக்கு அணையவில்லை என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதனால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வைத்தியம் இல்லை, வேண்டுதல். விலை கூடிய பெட்ரோல் போட்டேன். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் என்று ஒரு பாட்டில் மருந்தை டாங்கில் ஊற்றினேன். நன்றாக இருந்த ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். ஹீட்டர் ஒயருக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரிந்தேதான் மாற்றினேன். கையில் ஸ்பானர் இருக்கும்போது சும்மா இருக்க மனம் வருவதில்லை. ஆபீஸ் கேன்டீனில், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாப் பாவத்துக்கும் காரணம் என்று ஒருவர் சொல்ல, நானும் பலமாகத் தலையாட்டினேன். பழைய வண்டிகளின் மைலேஜுக்கும் ரப்பருக்கும் அதனால் வரும் தொல்லை தனிப் பேச்சு. எத்தனால் ஒரு ஹீட்டரின் கரண்டைக் குடிக்காது.

ஸ்கேனரையும் சாக்கெட்டிலேயே விட்டுவைத்தேன், கண்காணிப்பில் இருக்கட்டும் என்று. பதினாறாவது பின்னுக்கு பாட்டரியிலிருந்து நேரடிக் கரண்ட், சாவியை எடுத்தாலும் நிற்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால், டொக். வாட்ச்மேனும் பேப்பர் போடும் பையனும் தள்ளினார்கள். விளக்கை அணைக்கத் தெரியாதவன் வண்டியையே அணைத்துவிட்டேன்.

தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டியை அணைக்கப் பயமாக இருந்ததால் அப்படியே பாய் கடைக்கு ஓட்டிப் போனேன். பாட்டரி பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். பாய் டேஷ்போர்டைப் பார்த்தார்.

“லைட் எரியுதே சார்?”

“ஆமாம் பாய். பி0135. ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர். சென்சார் மாத்தியும் போகல.”

“ஹீட்டருக்குக் கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா?”

நான் பாட்டரி பற்றி ஏதோ பேசினேன்.

பாய் ஸ்கேனர் எதையும் எடுக்கவில்லை. டெஸ்ட் லேம்ப் எடுத்தார். ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு கூர்முனை, கண்ணாடிப் பிடிக்குள் குட்டி பல்பு, பின்னால் ஒரு ஒயர், அதன் நுனியில் முதலை கிளிப். அவ்வளவுதான் சாதனம். கிளிப்பை பாட்டரி நெகட்டிவில் கவ்வவிட்டு, சென்சார் பிளக்கைக் கழற்றி, ஓடும் இன்ஜினுக்குள் கையை விட்டு, வண்டிப் பக்கத்து பின்களில் ஒவ்வொன்றாக முனையை வைத்தார். பல்பு எரியவே இல்லை. “லைனே இல்ல சார். நீங்க எத்தனை சென்சார் மாத்தினாலும் அது கரண்டுக்கு எங்க போகும்?”

பிறகு அந்த ஒயரை விரல்களால் தடவிக்கொண்டே மேலே போனார். கறுப்புச் சுருள் குழாய்க்குள் ஓடிய ஒயர், பாட்டரி தட்டுக்கு அடியில் போய் மறைந்தது. இன்ஜினை அணைத்து, பாட்டரியைத் தூக்கி வெளியே வைத்தார். தட்டைக் கழற்றினார்.

அடியில் ஒரு குடித்தனமே இருந்தது. வேப்பங்கொட்டை, வேர்க்கடலைத் தோல், ஓரம் கொறித்த தேங்காய்ச் சில் ஒன்று. நடுவே மெத்தென்று கிழிந்த துணி. அந்தத் துணியை எனக்கு அடையாளம் தெரிந்தது. போன மழைக்காலத்தில் எலி வராமல் இருக்க அந்துருண்டைகளை முடிந்து நான் பானெட்டுக்குள் கட்டி வைத்த பழைய வேட்டித் துணி. அந்துருண்டை கரைந்து போனதும் எலி முடிச்சை அவிழ்த்துப் படுக்கை போட்டிருந்தது. எலிக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். தேய்க்க அது தேர்ந்தெடுத்தது அந்தச் சுருள் குழாயை. குழாய் பிய்ந்து, உள்ளே ஒரு ஒயர் துண்டாகி நின்றது. வெட்டுப்பட்ட செம்பு நுனியில் பச்சைக் களிம்பு. பக்கத்து ஒயரின் தோலில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல்தடம்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றிய அன்று என் கை அதற்கு ஒரு ஜாண் மேலே இருந்தது.

பாய் செம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஒயர்த் துண்டு வைத்து, சால்டர் பிடித்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கினார். டெஸ்ட் லேம்ப் இப்போது பளிச்சென்று எரிந்தது. முந்நூறு ரூபாய் கேட்டார். நான் சுருக்கமாக நன்றி சொல்லி நழுவப் பார்த்தேன்.

“பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா சார்?”

டிக்கியில் இருந்தது. புது சென்சாரின் அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். பாய் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அதன் வெள்ளை ஒயர்கள் இரண்டிலும் வைத்தார். முள் நகர்ந்து சில ஓம்களில் நின்றது. “ஹீட்டர் நல்லாத்தான் சார் இருக்கு. ஸ்பேரா வச்சுக்கலாம்” என்றபடி அதைத் திருப்பிப் பார்த்தவர், நட்டில் விரலை ஓட்டினார். இன்னொரு தடவை ஓட்டினார்.

“ஒயரைக் கடிச்சது எலி. இந்த நட்டைக் கடிச்சது யார் சார்?”

“முந்தி வச்சிருந்தவர் ஏதோ பண்ணியிருப்பார் போல பாய்” என்றேன்.

இந்த வண்டியை நான் வாங்கியபோது, பிட்டில் இறங்கி அடியெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, “ஒரு நட்டுலகூட ஸ்பானர் படல சார், தைரியமா வாங்குங்க” என்று சொன்னவர் அவர்தான்.